கால்களுக்குத் தீபம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் தட்டில் வைத்திருந்த வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுத்தேன். எரேமியா 29:11 வந்தது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. மார்ச் மாதத்தில் என் வேலை போயிற்று. ஏழு மாதங்களாகச் சம்பளம் இல்லை. அந்த அட்டை இன்னும் என் மேசைமேல்தான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. கடவுள் கொடுத்த வாக்கு என்னவாயிற்று?
ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தம்பி, உங்கள் கோபத்தில் ஒரு பங்கு என்னைப் போன்ற ஆயர்களுக்கும் சேரவேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இப்படிப்பட்ட அட்டைகளை நானே தேர்ந்தெடுத்து, அச்சிட்டு, தட்டில் அடுக்கி வைத்திருக்கிறேன். இனிப்பான வசனங்களை மட்டுமே பொறுக்கினோம். “உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு” என்று ஆண்டவர் சொன்னதை எந்த ஆண்டிலும் எந்தத் தட்டிலும் நாங்கள் வைத்ததில்லை.

உங்கள் அட்டையில் அச்சாகியிருப்பது இது: “நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள் பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே.” இது ஒரு கடிதத்தின் நடுவிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட வரி. கி.மு. 597இல் அரசன் எகொனியாவோடு பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதிய கடிதம் அது. இதற்கு நேர் முந்தின வசனத்தில், பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் உங்களைத் திரும்பி வரப்பண்ணுவேன் என்று இருக்கிறது. அப்படியானால், அந்தக் கடிதம் சபை நடுவே வாசிக்கப்பட்டபோது அதைக் கேட்டுக்கொண்டிருந்த முப்பது வயதுக்காரர் ஒருவர், வாக்கு நிறைவேறுவதைத் தம் கண்ணால் காணப்போவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டேதான் அதைக் கேட்டிருப்பார்.

28ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று ஆலயத்தில் எல்லாருக்கும் முன்பாக அறிவித்து, எரேமியாவின் கழுத்தில் கிடந்த மர நுகத்தை எடுத்து உடைத்துப் போட்டான். ஜனங்களுக்கு அது எவ்வளவு பிடித்திருக்கும்! நான் இந்தப் பகுதியில் பெரிதும் விரும்புவது எரேமியாவின் முதல் மறுமொழியை. “ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக” என்றார். அவருக்கும் அந்த ஆசை இருந்தது. ஆனால் ஆசை வேறு, கர்த்தருடைய வார்த்தை வேறு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. உடைந்த மர நுகத்துக்குப் பதிலாக இரும்பு நுகம் வரும் என்பதே அவர் பின்பு கொண்டுவர வேண்டியிருந்த செய்தி. ஆறு மாதத்தில் அற்புதம் என்று தேதி குறித்துக் கொடுக்கிறவர்களை இன்று நான் பார்க்கும்போது எனக்கு அனனியாதான் நினைவுக்கு வருகிறான்.

சரி, எழுபது வருஷம் காத்திரு என்பதுதான் பதிலா? இல்லை. அந்தக் கடிதத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து வையுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக விண்ணப்பம்பண்ணுங்கள் என்கிறது. விரும்பாத ஊரில், விரும்பாத காலத்தில், அன்றாட வேலையைச் செய்துகொண்டிருப்பதற்கான கட்டளை அது. உங்கள் வருமானத்துக்குத் தற்காலிகமாகக் கிடைக்கிற சிறு வேலையை, இது என் படிப்புக்கு ஏற்றதல்ல என்று தள்ளாதீர்கள். சபையில் இருப்பவர்களிடம் வெட்கப்படாமல் சொல்லுங்கள். யாருடைய அலுவலகத்தில் ஆள் தேவை என்பது பெரும்பாலும் ஆராதனை முடிந்து வாசலில் நின்று பேசும்போதுதான் தெரியவரும். அட்டையைக் கிழிக்க வேண்டாம். அதன் பின்பக்கத்தில் பத்தாம் வசனத்தையும் உங்கள் கையால் எழுதி வையுங்கள். கோபத்தைக் கடவுளிடமே சொல்லுங்கள், எரேமியாவும் சொன்னவர்தான்.

கேள்வி: பரீட்சை நாளில் எங்கள் பள்ளி மாணவர்களில் பலர் விடைத்தாளின் உச்சியில் “பிலி. 4:13” (பிலிப்பியர் 4:13) என்று எழுதுகிறார்கள். படிக்காமல் வந்த பையனும் எழுதுகிறான். கண்டிப்பதா, விட்டுவிடுவதா?
ஓர் ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: ஐயா, கண்டிக்க வேண்டாம். ஆனால் அடுத்த வேத பாட வகுப்பில் அதற்கு முந்தின வசனத்தை வாசிக்கச் சொல்லுங்கள். “தாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும், வாழ்ந்திருக்கவும் எனக்குத் தெரியும்” என்று தொடங்கி, பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்று பவுல் எழுதுகிறார். சிறையிலிருந்து எழுதுகிறார். “என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு” என்னும்போது, அந்த ‘எல்லாவற்றுக்கும்’ உள்ளே பட்டினியும் இருக்கிறது. மாணவனுடைய மொழியில் சொன்னால், தோற்றுப்போன மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்து போகிற பெலனும் அதில் அடக்கம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. பதினான்காம் வசனத்திலேயே, நீங்கள் என் உபத்திரவத்தில் என்னுடனே உடன்பட்டது நலமாயிருக்கிறது என்று நன்றி சொல்கிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவி அவரிடம் வந்து சேர்ந்திருந்தது. ஆகவே கிறிஸ்து தரும் பெலன் என்று அவர் சொன்ன மூச்சிலேயே, ஒரு மனிதர் சுமந்துகொண்டு வந்த மூட்டையும் வந்துவிடுகிறது. படிக்காமல் வந்த அந்தப் பையனுக்கு மாலையில் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுக்க உங்களால் முடியுமானால், அவன் எழுதிய வசனத்துக்கு நீங்கள் எப்பாப்பிரோதீத்து ஆகிவிடுவீர்கள்.

கேள்வி: எனக்கு 78 வயது. பழைய வேதாகமத்தின் சொற்களில்தான் எனக்கு ஆறுதல். பேரனோ, அது புரியவில்லை, கைப்பேசியில் புது மொழிபெயர்ப்பையே வாசிப்பேன் என்கிறான். எது சரி?
ஒரு வாசகர், சென்னை

பதில்: இரண்டும் சரி. பழையது என்று நாம் சொல்வதும் ஒரு காலத்தில் புதியதாக வந்து சண்டைக்கு உள்ளானதுதான். தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714, 1715 ஆண்டுகளில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டில் கடவுளுக்குச் ‘சருவேசுரன்’ என்ற சொல் இருந்தது. அவருக்குப் பின் பப்ரிசியுஸ் ‘பராபரன்’ என்றார். ஹென்றி பவர் தலைமையில் திருத்தப்பட்டு 1871இல் வெளிவந்த வேதாகமத்தில் ‘தேவன்’ வந்தது. பராபரனில் வளர்ந்தவர்களுக்கு அது நெடுங்காலம் ஒட்டவேயில்லை. 1995இல் வந்த திருவிவிலியம் ‘கடவுள்’ என்கிறது. சொல் மாறியும் ஜெபம் நிற்கவில்லை. மனப்பாடமாய் உங்களோடு இருக்கிற 23ஆம் சங்கீதம் உங்கள் சொற்களிலேயே இருக்கட்டும். பேரனிடம் அவனுடைய கைப்பேசியிலிருந்து அதே சங்கீதத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லி, நீங்கள் உங்களுடையதைச் சொல்லுங்கள். எந்த இடத்தில் இரண்டும் வேறுபடுகின்றனவோ அந்த இடத்தில் நிறுத்தி இருவரும் பேசுங்கள். அதைவிட நல்ல வேத பாடம் எனக்குத் தெரியாது.

கேள்வி: கணவர் இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அவருடைய வேதாகமத்தைத் திறந்தால், அவர் சிவப்புப் பென்சிலால் கோடு போட்ட இடங்களும், பக்கங்களுக்கு நடுவே செருகி வைத்த சபைக் காணிக்கை ரசீதுகளும் கண்ணில் படுகின்றன, உடனே மூடிவிடுகிறேன். ஜெபமும் வரவில்லை. ஜெபக்கூட்டத்துப் பெண்கள், இத்தனை மாதம் அழுவது அவிசுவாசம், நம்பிக்கையற்றவர்களைப்போலத் துக்கிக்கக்கூடாது என்கிறார்கள். என் விசுவாசம் போய்விட்டதா?
ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அன்புச் சகோதரி, போகவில்லை. உங்கள் கடிதத்தை இருமுறை வாசித்தேன். அந்தச் சிவப்புப் பென்சில் என் மனத்தைவிட்டு அகலவில்லை.

முதலில், அவர்கள் உங்கள்மேல் எறிந்த வசனத்தை எடுத்துக்கொள்வோம். தெசலோனிக்கேயருக்கு எழுதின முதல் நிருபத்தில், நீங்கள் நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து அறிவில்லாதிருக்க எனக்கு மனதில்லை என்றுதான் பவுல் எழுதினார். துக்கிக்காதீர்கள் என்று அவர் எழுதவில்லை. எப்படித் துக்கிப்பது என்பதைப் பற்றி எழுதினார். ஸ்தேவானை அடக்கம்பண்ணின தேவபக்தியுள்ள மனுஷர் அவனுக்காக மிகவும் துக்கங்கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. அவர்களைத் தேவபக்தியுள்ளவர்கள் என்று அழைத்த பிறகுதான் அவர்கள் அழுகையைச் சொல்கிறது என்பதைக் கவனியுங்கள். லாசருவை இன்னும் சில நிமிடங்களில் உயிரோடு எழுப்பப்போகிறவர், கல்லறைக்குப் போகுமுன் “கண்ணீர் விட்டார்” என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார்.

சங்கீதங்கள் 150இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு முறையீடுகள். “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?” என்று தொடங்குகிறது 13ஆம் சங்கீதம். இவற்றில் பெரும்பாலானவை முடியும்போது எப்படியோ துதிக்குத் திரும்பிவிடும். 88ஆம் சங்கீதம் அப்படித் திரும்புவதில்லை. பதினெட்டு வசனங்கள், கடைசி வசனத்தில் சிநேகிதரும் அறிமுகமானவர்களும் விலகிப்போனதைச் சொல்லிவிட்டு, இருளிலேயே நின்றுவிடுகிறது. ஆறுதல் வார்த்தை ஒன்றை ஒட்டவைத்து அதைச் சரிசெய்ய வேண்டும் என்று அதைத் தொகுத்தவர்களுக்குத் தோன்றவில்லை. ஆலயத்தில் பாடும் புத்தகத்தில் அதை அப்படியே வைத்தார்கள். துதி வராத நாளிலும் கடவுளுக்கு முன்பாக வந்து நிற்பதற்கு உங்களுக்கு அங்கே ஓர் இடம் போட்டு வைக்கப்பட்டிருக்கிறது.

புலம்பல் புத்தகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்து பாடல்கள் கொண்ட அந்தச் சிறு நூலில் முதல் நான்கும் எபிரெய நெடுங்கணக்கின் 22 எழுத்துகளின் வரிசையில், நம் பாட்டிமார் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த அகரவரிசைப் பாட்டுகளைப் போலக் கட்டப்பட்டிருக்கின்றன. ஐந்தாம் பாடலிலும் 22 வசனங்கள் உண்டு, ஆனால் அந்த எழுத்து வரிசை இல்லை. எருசலேம் எரிந்ததைப் பாடியவர் துக்கத்துக்கு ஓர் ஒழுங்கு கொடுத்துப் பார்த்து, கடைசியில் அந்த ஒழுங்கையும் கைவிட்டார் போலும் என்று எனக்கு எப்போதும் தோன்றும். இது என் ஊகம்தான். ஒப்பாரி சொல்லத் தெரிந்த நம் ஊர்ப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவை இருந்ததில்லை. ஒப்பாரி கிறிஸ்தவர்களுக்கு ஆகாது என்று சொல்லி அதை நிறுத்தியபோது, துக்கத்தைச் சொல்லும் ஒரு வழியையும் சேர்த்தே நாம் நிறுத்திவிட்டோமோ என்ற கவலை எனக்கு உண்டு.

இனி, செய்ய வேண்டியது. ஒரு மாதத்துக்கு அந்த வேதாகமத்தை நீங்கள் திறக்க வேண்டாம். வேறு யாராவது உங்களுக்கு வாசித்துக் காட்டட்டும். மகளோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையோ, ஒரு சங்கீதம், நாளுக்கு ஐந்து நிமிடம். “விசுவாசம் கேள்வியினால் வரும்” என்று ரோமர் 10:17 சொல்லும்போது, ‘கேள்வி’ என்பது காதால் கேட்பதைத்தான் குறிக்கிறது; திருக்குறளில் கேள்வி என்ற அதிகாரத்துக்குள்ள அதே பொருள். பல நூற்றாண்டுகள் திருச்சபையில் பெரும்பாலானோர் வேதத்தைக் கேட்டவர்களே தவிரத் தனியே திறந்து வாசித்தவர்கள் அல்லர். ஆகவே நீங்கள் வாசிக்காமல் கேட்பது குறைந்த பக்தி ஆகாது.

எலியாவின் கதை உங்களுக்குத் தெரியும். ஆகாபின் மனைவி யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே” என்று சாவைக் கேட்டவர். அவருக்குத் தேவதூதன் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. தட்டி எழுப்பி, சாப்பிடு என்றான். தலைமாட்டில் தழலில் சுடப்பட்ட அடையும், ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். அதற்கும் தூதன் கண்டிக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பியபோதும், நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம் என்று சொல்லி மறுபடி சாப்பாடுதான். மெல்லிய சத்தத்தில் கர்த்தர் பேசியது அதற்கு நாற்பது நாள் கழித்து. நம் பழைய வேதாகமத்தின் மொழிபெயர்ப்பாளர்கள் அப்பம் என்று எழுதாமல் ‘அடை’ என்று எழுதியதை நான் எத்தனையோ முறை நன்றியோடு நினைத்திருக்கிறேன். நம் வீட்டுக் கல்லில் வேகிற பண்டத்தின் பெயர் அது. நீங்கள் இரவில் சாப்பிடுவதில்லை என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். முதலில் சாப்பிடுங்கள். தூக்கமின்மை இப்படியே தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

அந்த ஜெபக்கூட்டத்துப் பெண்கள் இதை வாசிப்பார்களானால் அவர்களுக்கு ஒன்று: யோபுவின் சிநேகிதர் மூவரும் இரவும் பகலும் ஏழு நாள் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தார்கள். அவர்கள் செய்த நல்ல காரியம் அந்த ஏழு நாள்தான். வாயைத் திறந்த பிறகு சொன்னவற்றுக்காகக் கர்த்தர் அவர்கள்மேல் கோபங்கொண்டார்.

கேள்வி: அம்மாவுக்குச் சர்க்கரை நோய். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று ஓர் ஊழியர் சொன்னதால் பத்து நாளாக நிறுத்திவிட்டார். நான் சொன்னால் கேட்பதில்லை.
ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: இன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள், இந்தப் பதிலை அதன் பிறகு வாசித்துக் காட்டலாம். எசேக்கியா ராஜா மரணத்துக்கு ஏதுவான வியாதியில் அழுது ஜெபித்தபோது கர்த்தர் அவனுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக் கொடுத்தார். அந்த வாக்கைக் கொண்டுவந்த அதே ஏசாயா, அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னான். ஜெபம் கேட்கப்பட்ட பிறகுதான் பற்று. பவுலோடு பயணம் செய்த லூக்காவை அவர் “பிரியமான வைத்தியன்” என்றே குறிப்பிடுகிறார். எத்தனையோ பேரைக் குணமாக்கிய அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்றும் எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று அவர் சொல்லவில்லை. நம் பக்கத்தில் நெய்யூரில் 1838இலேயே மிஷன் மருத்துவப் பணி தொடங்கிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கினார். மாத்திரை அவிசுவாசம் என்றால் இவர்களெல்லாம் எதற்காக அவ்வளவு தூரம் வந்தார்கள் என்று அம்மாவிடம் கேளுங்கள். மாத்திரையைக் கையில் வைத்து ஸ்தோத்திரம் சொல்லிவிட்டு விழுங்கச் சொல்லுங்கள். அந்த ஊழியர் மறுபடி வந்தால் உங்கள் சபையின் ஆயரை உடன் இருக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: மகளுக்கு இரண்டு வரன்கள் வந்திருக்கின்றன. எது தேவசித்தம் என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு ஜெபித்து, வேதாகமத்தைத் திறந்து, விரல் படுகிற வசனத்தை வைத்து முடிவெடுக்கலாம் என்கிறார் என் கணவர். இப்படிச் செய்யலாமா?
ஒரு வாசகி, மதுரை

பதில்: வேண்டாம் அம்மா. யூதாசின் இடத்துக்கு அப்போஸ்தலர்கள் சீட்டுப்போட்டு மத்தியாவைத் தெரிந்துகொண்டதை உங்கள் கணவர் சொல்லக்கூடும். அது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன் நடந்தது, அதற்குப் பிறகு நடபடிகளில் சபை எதற்கும் சீட்டுப் போட்டதாக இல்லை. கிதியோன் அடையாளம் கேட்டு விரித்த ஆட்டுத்தோலைச் சொன்னால், செய்ய வேண்டியது இன்னதென்று கிதியோனுக்கு ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. தெரிந்ததைச் செய்யப் பயந்துதான் தோலை விரித்தான்.

“உம்முடைய வசனம் என் கால்களுக்குத் தீபமும், என் பாதைக்கு வெளிச்சமுமாயிருக்கிறது” என்று 119ஆம் சங்கீதத்தில் வாசிக்கிறோம். அந்த நாட்டில் அக்காலத்துத் தீபம் உள்ளங்கையில் அடங்குகிற மண் அகல். எண்ணெயும் ஒரு திரியும். கையில் பிடித்து நடந்தால் அடுத்த அடி வைக்கிற இடம் தெரியும், தெருக்கோடி தெரியாது. பவுலும் அப்படித்தான் நடந்தார். ஆசியாவில் வசனம் சொல்லத் தடை, பித்தினியாவுக்குப் போகப் பார்த்தால் அங்கும் தடை. துரோவாவில் வந்து நின்ற பிறகுதான் மக்கெதோனியா தரிசனம். தரிசனம் கண்டவர் பவுல் ஒருவர், ஆனால் அதன் பொருளை நிச்சயித்துக்கொண்டதைச் சொல்லும் இடத்தில் லூக்கா ‘நாங்கள்’ என்று எழுதுகிறார்.

பெண் பார்க்கப் போன கதை வேண்டுமென்றால் ஆதியாகமம் 24ஐ இருவருமாக உட்கார்ந்து முழுவதும் வாசியுங்கள். ஆபிரகாமின் ஊழியக்காரன் கிணற்றங்கரையில் ஓர் அடையாளம் கேட்டான் என்பது உண்மை. ஆனால் அவன் கேட்டது என்ன? எனக்குத் தண்ணீர் தருவதோடு என் ஒட்டகங்களுக்கும் வார்ப்பேன் என்று சொல்கிற பெண். பத்து ஒட்டகங்கள்! நெடும்பயணம் முடித்து வந்த பத்து ஒட்டகங்களுக்குக் குடத்தால் மொண்டு ஊற்றுவது எத்தனை நடை என்று எண்ணிப்பாருங்கள். அவன் கேட்ட அடையாளமே குணத்தைப் பார்க்கும் சோதனையாக இருந்தது. நீங்களும் அந்த இரண்டு பையன்களின் குணத்தை விசாரியுங்கள். தங்கள் வீட்டில் வேலை செய்கிறவர்களிடம் எப்படிப் பேசுகிறார்கள், கடன் உண்டா, குடி உண்டா, வரதட்சணை என்ற பேச்சை யார் எடுத்தார்கள் என்று பாருங்கள்.

அந்த அதிகாரத்தின் கடைசிப் பகுதியில் ஒன்று இருக்கிறது. அடையாளம் நடந்தது, தகப்பனும் சகோதரனும் இது கர்த்தரால் வந்த காரியம் என்று ஒப்புக்கொண்டார்கள், நகைகளும் கொடுக்கப்பட்டன. அவ்வளவும் ஆன பிறகும், பெண்ணை அழைத்து அவள் வாய்ப்பிறப்பைக் கேட்போம் என்றார்கள். நீ இந்த மனிதனோடேகூடப் போகிறாயா என்று கேட்டார்கள். போகிறேன் என்றாள் ரெபெக்காள்.

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இரண்டு மாப்பிள்ளைகளின் படிப்பும் சம்பளமும் இருக்கிறது, இரண்டு குடும்பங்களின் சபையும் ஊரும் இருக்கிறது, உங்கள் கணவரின் யோசனை இருக்கிறது. உங்கள் மகள் என்ன சொல்கிறாள் என்று ஒரு வரி இல்லை. அவளிடம் கேட்டுவிட்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.